அடைப்புக்குள் வளர்ந்தது

1

கேக் வெட்டத் தந்த கத்தியை மேஜையில் குத்தினேன். குத்த வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கை நினைத்துவிட்டது. மேஜை மரமில்லை, மரம் மாதிரி அச்சடித்த பலகை. கத்தி அதில் நிற்காமல் சறுக்கி, வெள்ளைக் கிரீமைக் கிழித்துக்கொண்டு தரையில் விழுந்தது. அறையில் இருந்தவர்கள் முதலில் கத்தியைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

அயர்லாந்தின் மேற்குக் கரையில், மழை மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வந்து அறைகிற ஒரு துறைமுக ஊர். அங்கே ஒரு மருத்துவமனையில், மார்பகப் பிரிவில் நான் நர்ஸ். கள்வராயன் மலையில் பிறந்து, சேலத்தில் படித்து, வளைகுடாவில் வேலை பார்த்து, கடைசியில் இந்த ஈரத்தில் வந்து ஒட்டிக்கொண்டவள். பெருந்தொற்றில் மூடிக்கிடந்த எங்கள் பரிசோதனை அறைகள் மறுபடி திறந்த நாளின் ஆண்டு நிறைவுக்காகத்தான் அந்த கேக். பிரிவில் பழைய ஆள் என்பதால் கத்தியை என்னிடம் தந்தார்கள்.

வெட்டுவதற்கு முன்னால் மேலாளர் திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். கண்டுபிடிக்கப்பட்ட மார்பகப் புற்றுநோய்களின் கோடு அது. வருடா வருடம் மெல்ல நடந்து வந்துகொண்டிருந்த கோடு, பெருந்தொற்று வருடத்தில் கால் தவறிக் கிணற்றில் விழுந்த மாதிரி விழுந்து, பிறகு சுவரைப் பிறாண்டிக்கொண்டு மேலே ஏறியிருந்தது. புதிதாகச் சேர்ந்த இளம் டாக்டர் ஒருவர், நல்ல மனிதர், வேடிக்கையாகத்தான் சொன்னார். "அந்த வருடம்தான் நம் மக்கள் ரொம்ப ஆரோக்கியமாக இருந்திருக்கிறார்கள் போல."

எல்லோரும் சிரித்தார்கள். என் கையில் கத்தி இருந்தது.

அந்தப் பள்ளத்தில் என் அக்கா கிடக்கிறாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அயர்லாந்தின் கோட்டில் பொன்னி அக்கா வரமாட்டாள் என்பது எனக்கும் தெரியும். அவளுடைய மலைக்கு யாரும் கோடு போட்டுக் காட்டவில்லை. ஆனால் பள்ளம் ஒன்றுதான். உலகம் முழுக்க ஒரே வருடத்தில், ஒரே மண்வெட்டியால் வெட்டியது.

2

மறுநாள் என்னை ஓர் அறைக்குக் கூப்பிட்டார்கள். செடியும் காகிதக் கைக்குட்டைப் பெட்டியும் வைத்த அறை. எதிரில் இருந்த பெண்மணி மிக மென்மையாகப் பேசினாள். இந்த நாட்டில் கடுமையானதை எல்லாம் பஞ்சில் சுற்றித்தான் தருவார்கள்.

கோபமாக இருந்தீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். யார் மீது என்று கேட்டாள். எனக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். நோயாளிக்கு மரணத்தைச் சொல்லுமளவுக்கு வரும். ஆனால் என் அண்ணன் சடையன் மீது, ஒரு நாவல் மரத்தின் மீது, வேப்பிலைத் தோரணத்தின் மீது, ஓர் ஊரின் வாய் மீது கோபம் என்று அந்த மொழியில் சொன்னால் அது கதை மாதிரி கேட்கும். "தெரியவில்லை" என்றேன். அவள் தலையாட்டினாள். கொஞ்சம் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். இங்கே அப்படிச் சொன்னால் அது யோசனையில்லை, உத்தரவு என்று கற்றுக்கொள்ள எனக்குப் பல வருடம் பிடித்தது. அதனால் இந்த முறை உடனே புரிந்தது.

அக்காவின் தெவசம் அந்த மாதம்தான். டிக்கெட் போட்டேன்.

என் மகள் இனியா, பதினாறு வயது, சமையலறை வாசலில் சாய்ந்துகொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள். "அம்மா, அங்கே போய் யாரையும் குத்தாதே."

"வாக்குக் கொடுக்க முடியாது" என்று தமிழில் சொன்னேன். அவளுக்கு அது பாதி புரிந்தது. முன்பெல்லாம் முழுக்கப் புரியும்.

3

பெருந்தொற்று வந்த வசந்தத்தில் எங்கள் பிரிவை மூடினார்கள். மார்பைப் படமெடுக்கும் இயந்திரங்களுக்குத் துணி போர்த்தினார்கள். என்னைக் கொரோனா வார்டுக்கு அனுப்பினார்கள். மூச்சுக்காக மனிதர்கள் கட்டிலின் கம்பியைப் பிய்த்தார்கள். நாங்கள் அவர்களைக் கவிழ்த்துப் போட்டோம், குழாய் செருகினோம், பைக்குள் வைத்து மூடினோம். அது போர், மறுக்கவில்லை. ஆனால் போருக்குப் போனவர்கள் திரும்பும்வரை வீட்டில் இருக்கும் பாம்பு காத்திருக்காது. நாங்கள் பார்க்காத மாதங்களில் கட்டிகள் பட்டினி கிடக்கவில்லை. சுகமாகத் தின்றன.

திறந்த பிறகு வந்தார்கள். முன்பெல்லாம் பட்டாணி அளவில் இருக்கும்போது பிடித்ததை இப்போது முட்டை அளவில் கொண்டுவந்தார்கள். ஒரு பண்ணைக்காரக் கிழவி சட்டையை அவிழ்த்தாள். உள்ளே தட்டுத் துடைக்கும் துணி சுற்றியிருந்தது. துணியை நான் உரித்தேன். சதையும் கூட வந்தது. அறையின் வாசம் மாறியது.

"எப்போதிருந்து?" என்று கேட்டேன்.

"நீங்களெல்லாம் அவ்வளவு அவதியில் இருந்தீர்கள், செல்லமே" என்றாள். "இதற்குப் போய்த் தொந்தரவு செய்வதா?"

கையுறையைக் கழற்றிக் கழுவும் தொட்டியில் எறிந்தேன். மரியாதை ஒரு மனிதரை இப்படித் தின்னும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவள் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. இறப்புச் சான்றிதழில் கொரோனா என்று ஒரு எழுத்தும் இருக்காது. கொரோனா அவளைத் தொடவே இல்லை. கொன்றது மட்டும் அதுதான்.

4

இனி மலைக்கு வருகிறேன். கல்வராயன், கள்வராயன், எப்படி எழுதினாலும் பேருந்து ஒன்றுதான். கச்சிராயபாளையத்தில் ஏறி, கொண்டையூசி வளைவுகளில் குடலைப் பிடித்துக்கொண்டு வெள்ளிமலையில் இறங்கி, அதற்கப்பால் ஷேர் ஆட்டோவில் போனால் எங்கள் ஊர். சாமையும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிற ஊர்.

எங்கள் பக்கம் அம்மை கண்டால் ஊரடைப்பு போடுவார்கள். எல்லையில் முள்ளை வெட்டிப் போட்டு, வேப்பிலை கட்டி, ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டால் அடைப்பு. உள்ளே இருப்பவர் போகக் கூடாது, வெளியே இருப்பவர் வரக் கூடாது. அதோடு இன்னொன்று உண்டு. அடைப்பு இருக்கும்வரை எந்த நோவையும் பேர் சொல்லிப் பேசக் கூடாது. காய்ச்சலோ பேதியோ சிரங்கோ, வாயைத் திறக்கக் கூடாது. பேர் சொன்னால் எல்லையில் நிற்பது அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே வந்துவிடும். முடியாதவர்கள் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். பார்த்தவர்கள் புரிந்துகொண்டு கஞ்சி வைத்துவிட்டுப் போவார்கள். எதுவும் கேட்க மாட்டார்கள்.

அம்மைக்கு அது சரியாக இருந்தது. வந்து தங்கி, ஒரு மாதத்தில் இறங்கிப் போகிற நோய்க்குச் செய்த முறை அது. வந்தால் போகாத நோயைப் பற்றி அந்த முறைக்கு ஒன்றும் தெரியாது.

கொரோனா என்ற பேர் மலை ஏறியதும் ஊர்க்கவுண்டர் அடைப்பு போட்டார். முள் போதாது என்று என் அண்ணன் ரோட்டு வளைவில் நின்ற நாவல் மரத்தைச் சாய்த்தான். சிக்னல் கிடைக்கிற பாறையில் ஏறி நின்று வீடியோவில் காட்டினான். குறுக்கே விழுந்து கிடந்தது மரம். வெட்டுவாய் ரத்தக் காயம் மாதிரி சிவந்திருந்தது.

"பாத்தியா மல்லிகா? ஆம்புலன்ஸ் இல்ல, யமனே வந்தாலும் தாண்ட முடியாது."

"யாராவது பிரசவத்துக்குப் போவணும்னா இன்னா பண்ணுவீங்கண்ணே?"

"நம்ம அம்மா நம்மள எங்க பெத்தா? ஏர்போர்ட்லயா?"

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். எனக்கு அப்போது கொரோனா வார்டில் வேலை. என் சனங்கள் ஒரு மரத்துக்கு அந்தப் பக்கம் பத்திரமாக இருக்கிறார்கள் என்று அந்தச் சிவந்த மரத்தைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அவனைக் கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சளி என்று கீழே போனார். பிளாஸ்டிக்கில் சுற்றி வந்தார். முகத்தைக்கூடக் காட்டாமல் குழியில் இறக்கிவிட்டுப் போனார்கள். எங்கள் மலையில் பிணத்தின் முகத்தில் அரிசி போடாமல் மூடுவது, அவரை இன்னொரு முறை கொல்வது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு வந்துதான் கோடாரியைத் தீட்டினான்.

5

கண்டுபிடித்தது இனியாதான்.

அக்கா கட்டிய ஆள் இல்லாதவள். கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போன இடத்தில் மாமா இறந்த பிறகு, அண்ணன் வூட்டுப் பக்கத்திலேயே ஒரு குடிசையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாறைக்கு வந்து எங்களோடு வீடியோவில் பேசுவாள். ஒருநாள் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே பேசினாள். பேசி முடித்ததும் இனியா ஆங்கிலத்தில் கேட்டாள்.

"பெரியம்மா ஏன் ஒரு கையால் கொண்டை போடுகிறாள்?"

நான் மறுபடி கூப்பிட்டேன்.

"அக்கா, வலது கைய மேல தூக்கு."

"எதுக்குடி? ட்ரில் மாஸ்டரா நீ?"

"தூக்கு."

தோளுக்கு மேல் போகவில்லை. அவள் முகம் கோணியது. பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

"வெறகு தூக்கினதுல புடிச்சிக்கினு கீது."

"மார்ல இன்னா கீது? கொட்ட மாதிரி கீதா?"

அவள் போனை அப்படியே கீழே இறக்கினாள். எனக்கு வானம் தெரிந்தது. பிறகு அவள் குரல் மட்டும், காற்றுக்குள் ஒளித்து வைத்த மாதிரி வந்தது.

"அடைப்பு இருக்கறப்போ அதெல்லாம் பேசக் கூடாதுடி. மொதல்ல பாக்கு மாதிரி இருந்துச்சு. இப்ப எலுமிச்சங்கா ஆவுது. மஞ்சா அரைச்சிப் போட்டுக்கினு கீறேன். நீ வாயத் தொறக்காத. ஊருல யாருக்கானா எதுனா ஆச்சுன்னா, பொன்னி பேரு சொன்னதாலதான்னு என்னக் கல்லால அடிப்பாங்க."

என் வேலையே அதைக் கையால் தொட்டுப் பார்ப்பதுதான். ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில் என் விரல்கள் துடித்தன. கண்ணாடித் திரையை அழுத்தினேன். அக்கா இல்லாத அந்த வானம் பெரிதாகி, புள்ளி புள்ளியாக உடைந்தது.

6

அண்ணனிடம் சண்டை போட்டேன். போனை உடைக்காததுதான் மிச்சம்.

"கீழ கூட்டிக்கினு போண்ணே. பஸ் ஓடுது. கவர்மெண்டே தொறந்துட்டாங்க."

"கவர்மெண்ட் தொறந்தா? நம்ம அடைப்ப கவர்மெண்டா போட்டுச்சு? ஆடு வெட்டி எடுக்கணும். ரெண்டாவது அலை வருதுன்னு டிவில சொல்றான், கவுண்டர் எடுக்க மாட்டேங்கறாரு."

"அது வெறும் கட்டி இல்லண்ணே. அது..."

"பேரு சொல்லாத."

"புத்து."

கத்திச் சொன்னேன். மருத்துவமனையின் வண்டி நிறுத்துமிடத்தில், வேலைக்கு நடுவில், பாதுகாப்பு உடையோடு நின்றுகொண்டு, தமிழ் தெரியாத மழையில் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்தினேன். அண்ணன் போனை வைத்துவிட்டான்.

கூடப் படித்த ஒருத்தி கீழே சுகாதார வேலையில் இருந்தாள். கெஞ்சிக் கேட்டேன். அவள் ஏற்பாட்டில் ஒரு வேன் மலை ஏறியது. மரத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, இறங்கி நடந்து வருகிறோம் என்று குரல் கொடுத்திருக்கிறார்கள். கொரோனாவுக்குச் சளி எடுத்துப் பார்த்து ஆளைத் தூக்கிக்கொண்டு போக வந்ததாக ஊர் நினைத்தது. முதல் கல்லை யார் எறிந்தது என்று தெரியாது. கண்ணாடி நொறுங்கியது. ஜன்னலோரம் இருந்த நர்ஸுக்குப் புருவம் கிழிந்தது. வேன் பின்னாலேயே இறங்கிப் போனது. சனம் கைதட்டியது. அக்கா தன் குடிசை வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். அவளுக்காகத்தான் வந்த வேன் என்று அந்த ஊரில் அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

அன்று மாலை அண்ணனைக் கேட்டேன்.

"நீயும் எறிஞ்சியா?"

"எறிஞ்சேன்."

"நான் அனுப்பினதுன்னு தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

அவன் போனைப் பாறைக் காற்றுக்கு மறைத்துப் பிடித்தான்.

"தெரிஞ்சிருந்தாலும் எறிஞ்சிருப்பேன் மல்லிகா. என் புள்ளைங்க உள்ள கீதுங்க."

7

அலை ஓய்ந்த பிறகுதான் அடைப்பை எடுத்தார்கள். ஆட்டுத் தலை உருண்டது. மரத்தை டிராக்டரில் கட்டி இழுத்தார்கள். அக்காவை டெம்போவில் ஏற்றிக் கீழே கொண்டுபோனார்கள். அதற்குள் மார்பில் அந்த எலுமிச்சை உடைந்து, பூ மாதிரி விரிந்த புண்ணாகி இருந்தது. நோய் கல்லீரலுக்கும் முதுகெலும்புக்கும் போய்விட்டிருந்தது. டாக்டர் போனில் என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்றார். நான் தினமும் அயர்லாந்துக்காரர்களிடம் சொல்கிற அதே வாக்கியம். இதுவரை நான் அதைச் சொன்ன அத்தனை பேரும் திரும்பி என்னை ஒரே நேரத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

கடைசி நாட்களில் அவளுக்கு வலி குரல் ஆனது. அண்ணி காந்தா, அண்ணன் மனைவி, அவள்தான் குளிப்பாட்டினாள், புண்ணைக் கழுவினாள். பிறகு ஒரு மதியத்தில் குரல் நின்றது. விமான நிலையக் கதவுகள் எனக்குத் திறப்பதற்குள் மண் மூடிவிட்டது.

ஊரில் பெருமையாக ஒன்று சொன்னார்கள். இன்றும் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் கொரோனாவுக்கு ஓர் உயிர்கூடப் போகவில்லை.

8

சின்னசேலத்தில் ரயில் இறங்கினேன். கரும்பு ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. வெள்ளிமலையில் அண்ணன் பைக்கோடு நின்றிருந்தான். தலை நரைத்திருந்தது. என் பையை வாங்கிக்கொண்டான். நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

மேட்டில் அக்காவைப் புதைத்த இடத்தில் கல் அடுக்கியிருந்தார்கள். இலை போட்டு, சாமைச் சோறும் கோழிக் கறியும் படைத்திருந்தார்கள். அண்ணன் கற்பூரம் ஏற்றக் குனிந்தான். நான் அந்த அடுக்கிலிருந்து ஒரு கல்லை எடுத்தேன். எறிந்தேன்.

தோளில் பட்டது. எலும்பில் கல் படுகிற சத்தம் கேட்டது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நகரவில்லை. இன்னொன்று எறிந்தேன். விலாவில் பட்டது. ஊர்க்கவுண்டர் எழுந்து கத்தினார். சொந்தக்காரர்கள் ஓடிவந்தார்கள். அண்ணன் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினான்.

"எறியட்டும் வுடுங்க. அதுக்குத்தான் வந்துக்கீது."

மூன்றாவது கல்லை எடுத்தபோது அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினாள். மரவள்ளிக் கிழங்கு பிடுங்குகிற கை. கல் தானாக விழுந்தது.

"இவர அடிச்சிப் போட்டா உங்க அக்கா எழுந்து வருவாளா? அத்தினி தூரம் போயி இன்னாத்தப் படிச்ச நீ? கல்லு எறியவா? அதுக்கு இங்கயே இருந்திருக்கலாமே, எங்க கூட."

"இன்னா பண்ணச் சொல்ற?"

"அங்க வெள்ளக்காரிச்சிங்களத் தொட்டுப் பாக்கறியே, எங்களத் தொட்டா தீட்டா? அவ புண்ணக் கழுவினதுலேர்ந்து நான் குளிக்கறப்பல்லாம் தடவித் தடவிப் பாக்கறேன். இன்னா இருக்கணும், இன்னா இருக்கக் கூடாதுன்னு எனக்கு இன்னாடி தெரியும்?"

9

மாட்டுக் கொட்டகையில் ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டு, சுற்றிலும் புடவை கட்டி மறைத்தார்கள். முதலில் அண்ணியின் தங்கச்சி வந்தாள். பிறகு பக்கத்து வூட்டுப் பெண்கள். அரை மணியில் ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் வெளியே நின்றார்கள். ஒவ்வொருத்தியாகப் படுத்தார்கள். பால் கொடுத்து வற்றிய மார்புகள், வெயிலே படாத தோல், வெட்கத்தில் விறைத்த தோள்கள். விரல் நுனிகளால் வட்டம் வட்டமாகத் தேடினேன். என் கைகளுக்கு இதைவிட வேறொன்றும் நன்றாகத் தெரியாது.

"கூசுது மல்லிகா. எங்க வூட்டுக்காரரு இவ்ளோ பொறுமையா ஒருநாளும் தொட்டதில்ல."

வெளியே சிரிப்பு வெடித்தது. ஊர்க்கவுண்டர் தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"தெவசத்தன்னிக்கு எல்லாப் பொம்பளைங்களும் கொட்டாயில இன்னா பண்றீங்க?"

"பால் கறக்கறாங்க கவுண்டரே. நீங்களும் வரீங்களா?" என்றாள் ஒருத்தி.

அவர் தடியால் தரையை அடித்துவிட்டுப் போனார்.

கடைசியாக அண்ணி வந்து படுத்தாள்.

"எனக்கு இன்னா கீது, காஞ்ச சொரக்கா. சீக்கிரம் பாரு, அடுப்புல ஒல கெடக்குது."

இடது பக்கம், மேலே, அக்குளை நோக்கி. புளியங்கொட்டை அளவில் ஒன்று. கெட்டி, ஓரம் ஒழுங்கில்லை. விரலை எடுத்தேன், மறுபடி வைத்தேன். அங்கேயே இருந்தது. அண்ணி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்குதா?"

"இருக்குது."

"அதேவா?"

"தெரியாது அண்ணி. கையால சொல்ல முடியாது. இன்னிக்கே போவணும்."

அவள் ரவிக்கைக் கொக்கியை மாட்டினாள். ஒரு கொக்கியை மட்டும் தப்பான கண்ணில் மாட்டி, அவிழ்த்து, மறுபடி மாட்டினாள்.

அண்ணன் வாசலில் தோளுக்கு ஒத்தடம் வைத்துக்கொண்டிருந்தான். சொன்னேன். ஒத்தடத் துணி கையிலிருந்து நழுவியது. பைக் சாவியைத் தேடினான். ஊர்க்கவுண்டர் குறுக்கே வந்தார்.

"படையல் எடுக்காம எவனும் எல்ல தாண்டக் கூடாது சடையா. நாளைக்குப் போ. ஒரு நாள்ல இன்னா ஆயிடும்?"

அண்ணன் அவரை ஒரு கணம் பார்த்தான். மேட்டுக்கு நடந்தான். படையல் இலையை இரண்டு கையாலும் அள்ளி, சோறும் கறியுமாகச் சுருட்டி, காத்திருந்த நாய்களிடம் வீசினான். கற்பூரத்தை மிதித்து அணைத்தான். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தான்.

"எடுத்துட்டேன்" என்றான்.

கவுண்டரின் தடி உயர்ந்தது. அண்ணன் அதைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்து இரண்டு துண்டையும் அவர் காலடியில் போட்டான். அவர் அந்தத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். நடுவில் அண்ணி, பின்னால் நான், மூன்று பேரும் ஒரே பைக்கில் கொண்டையூசி வளைவுகளில் இறங்கினோம். பிரேக் கருகும் நாற்றம் அடித்தது. அண்ணியின் முதுகு என் நெஞ்சில் ஒட்டியிருந்தது. அவள் இதயம் அடிப்பது எனக்குள் அடித்தது.

10

கீழே மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். அதைச் சோதனைக்குப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். முடிவு வருவதற்குள் நான் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டேன். இனியா போனில் கேட்டாள். "சித்திக்கு என்ன?" தமிழில் கேட்டாள். அது சித்தியில்லை, அத்தை என்று நான் திருத்தவில்லை.

முடிவு தெரிகிற நாளில் மூவரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். இளம் பெண். தமிழிலேயே, அவசரப்படாமல் சொன்னார்.

"புற்றுநோய்தான். ஆனா ரொம்பச் சின்னது. அக்குள்ல எறங்கல, வேற எங்கயும் போவல. ஆபரேஷன் பண்ணி, மருந்து குடுத்தா சரி பண்ணிடலாம். நல்ல வேள, ஆரம்பத்துலயே கொண்டுவந்துட்டீங்க." அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். "நெறைய பேரு இப்படிக் கொண்டுவர்றதில்லைங்க."

அண்ணி என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் இதே வாக்கியத்தை ஆங்கிலத்தில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டதில்லை. கேட்கும்போது எப்படி இருக்கும் என்று தெரியாது.

அண்ணன் எழுந்தான். டாக்டரைக் கும்பிட்டான். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே போனான்.

முதலில் சுவரில் யாரோ ஆணி அடிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு ஆட்கள் ஓடுகிற சத்தம். நாங்கள் வெளியே வந்தபோது அண்ணன் நடைபாதைத் தூணை முஷ்டியால் அடித்துக்கொண்டிருந்தான். அழவில்லை. மரம் வெட்டுகிறவன் மாதிரி, ஒரே இடத்தில், இடைவெளி விட்டு, மூச்சை இழுத்து இழுத்து அடித்தான். தூணில் சிவப்பு. விரல் மூட்டுகள் பிளந்திருந்தன. பாதுகாப்புக்காரர் ஒருவர் பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தார்.

"யாரும்மா போயிட்டாங்க?"

"யாரும் போவலங்க" என்றாள் அண்ணி. "நான் பொழைச்சிக்குவனாம்."

அவர் பிடியை விட்டுவிட்டார். வேன் மீது கல் எறிந்த கையை அண்ணன் மறுபடி ஓங்கினான்.